பாப்கார்ன் மட்டும் ஒத்துக்கொண்டவள்

அன்புள்ள குச்சிக்கு,

உன் பூசணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் குட்டியும் சுகம். அங்கே நீயும் சுகமாயிருப்பாய் என்று எழுதத்தான் கை போயிற்று. உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை.

போட்ட துணியெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்கிறாய். இரும்புச்சத்து ஊசி போட்டும் ரத்தம் ஊறவில்லை, எதைச் சாப்பிட்டாலும் வயிறு பானையாய் உப்புகிறது. டாக்டர் வாயுத்தொல்லை என்கிறார். உன் நாத்தனாரோ எல்லாம் மனசுதான் காரணம் என்கிறார். அரிசியை நிறுத்தினால் உடம்பு தேறும் என்று உன் மாமியார் வேளைக்கு வேளை கோதுமை ரொட்டியும் கோதுமைக் கஞ்சியுமாகக் கொடுக்கிறார். நல்ல எண்ணத்தில்தான். அதற்கப்புறம்தான் படுக்கையே கதியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரி வந்ததும் மீதியைப் படிக்காமலே பேனாவைத் தேடி எடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நாம் பாப்கார்ன் விற்ற தியேட்டர் நினைவிருக்கிறதா? இருக்காமல் என்ன. கண்ணாடிப் பெட்டிக்குள் சோளம் படபடவென்று வெடிப்பதைக் காதால் கேட்டே, இப்போது இறக்கலாம் என்று சொல்வாயே. பஸ்ஸில் ஏறினால் நம் தலைமுடி வாசனைக்குக் குழந்தைகள் எல்லாம் திரும்பிப் பார்க்கும். படம் ஓடும்போது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டுக் கதை கட்டுவோம். நீ கட்டும் கதையில் வில்லனுக்குத்தான் எப்போதும் கல்யாணம் நடக்கும். எத்தனையோ படங்களை நான் இன்றுவரை உன் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.

இடைவேளைக் கூட்டம் ஓய்ந்ததும் மேனேஜர் நமக்கு டீயும் பன்னும் வாங்கித் தருவார். நான் என் பன்னையும் தின்று உன் பன்னுக்கும் கண் வைப்பேன். நீ தின்ற நாளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடுவாய். பிறகு பன்னையே தொடாமல் காகிதக் கூம்பில் பாப்கார்னைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். “பன்னு வாங்கித் தந்தா வேணாங்கிற, என் பெட்டிய காலி பண்ற. நல்ல வியாபாரம்மா” என்று மேனேஜர் அலுத்துக்கொள்வார். “எனக்கு இதுதாண்ணே ஒத்துக்குது” என்பாய். வீட்டுச் சோறும் பாப்கார்னுமாக நீ இருந்த அந்தக் கோடையில் உன் கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆயிற்று. குச்சி துளிர்த்துவிட்டது என்று ஆபரேட்டர் அண்ணன் கேலி செய்தார். நாம் எவ்வளவு சிரித்தோம்.

இனி குட்டி விஷயம். உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அலைச்சலில் முடியவில்லை. ஏழு வயதாகியும் அவள் வளரவே இல்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் முன்னால். எங்கெங்கோ காட்டிவிட்டுக் கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார், பிறகு வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். சீலியாக் என்று பெயர் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். சிலருக்கு அது குடலையே அரித்துவிடுமாம். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாதாம். வாய்ப்புண், ரத்தசோகை, உப்புசம், சோர்வு என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். அவர் சொன்னது என் மகளைப் பற்றி. என் கண்ணுக்குத் தெரிந்தது நீ.

எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா? “டாக்டர், பாப்கார்ன் சாப்பிடலாமா?” அவர் சிரித்துவிட்டார். மக்காச்சோளத்தில் அந்தக் குளூட்டன் கிடையாது, அரிசி மாதிரி அதுவும் ஒத்துக்கொள்ளும், ஆனால் சோளத்தோடு என்ன சேர்கிறது என்று பார்த்துக் கொடுங்கள் என்றார். அந்த ‘ஆனால்’ எனக்குப் பிறகுதான் புரிந்தது. சோளம்தானே என்று கார்ன்ஃபிளேக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். குட்டி மறுபடி சுருண்டுவிட்டாள். இவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பொடி எழுத்தைப் படித்தார். ருசிக்காகப் பார்லி மால்ட் சேர்த்திருக்கிறார்கள். மில்லில் அரைத்து வாங்கிய சோளமாவும் அப்படித்தான் காலை வாரியது. அதற்குமுன் அதே இயந்திரத்தில் கோதுமை அரைத்திருந்தார்கள். இப்போது வீட்டிலேயே அரைக்கிறேன். பாப்கார்ன் என்றால் சோளம், எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். மசாலாப் பொடி தூவியதைத் தொடுவதில்லை. அதற்காகச் சோளத்தை மட்டும் தின்று வாழ முடியாது, அரிசி, பருப்பு, காய் எல்லாம் வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் குட்டிக்குச் செருப்பு சிறிதாகிவிட்டது. புதுச் செருப்புக் கடையில் உட்கார்ந்து நான் அழ, கடைக்காரர் பயந்துபோய் விலையைக் குறைத்துவிட்டார்.

நான் டாக்டர் இல்லை, பாப்கார்ன் விற்றவள். உனக்கு வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். ஆனாலும் வயிற்று டாக்டர் ஒருவரிடம் போய், சீலியாக் இருக்கிறதா என்று ரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேள். இன்னொன்று, இதைப் படித்ததும் ரொட்டியைத் தூக்கி எறியத் தோன்றும். எறியாதே. கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் சோதனையில் ஒன்றும் தெரியாமல் போகுமாம். டாக்டர் சொல்லும்வரை எப்போதும்போல் சாப்பிடு. கஷ்டம்தான், தெரியும்.

டாக்டர் அன்று என்னிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார். “உங்க சொந்தத்துல எந்தப் பொண்ணுக்காவது கரு தங்காம போயிருக்கா?” இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் அப்படியும் ஆவதுண்டாம். சொந்தத்தில் யாருமில்லை என்றேன். வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உனக்குக் கலைந்த இரண்டையும் பற்றி நீ எனக்கு எழுதியது ஒரே ஒரு வரி. நானும் அதற்குமேல் எழுதி உனக்கு ஆசை காட்ட மாட்டேன். அங்கே யார் யாரோ உன்னைக் குறை சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்களோடு சேர்ந்து நீயும் உன்னைச் சொல்லாதே, அது போதும்.

தனியாகப் போகப் பயமாயிருந்தால் ஒரு வரி எழுது. குட்டியை இவர் பார்த்துக்கொள்வார். நான் வந்து, ஊசி குத்தும்போது உன் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறேன். நீ நல்லாயிருப்பாய், நல்லாயிருக்க வேண்டும்.

என்றும் உன்,
பூசணி