எட்டாவது வரி

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலமா? இந்த விண்வெளி நிலையத்துக்கு வந்து நூற்று நாற்பத்தோரு நாள் ஆகிறது. இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன், சிரிக்காதே. பாரம் இல்லாததால் முதுகெலும்பு நீண்டுகொள்கிறது, கூடவே இடுப்பு வலி இலவசம். நடக்காத பாதத்தில் தோல் உரிகிறது. காலுறையைக் கழற்றினால் செதில் செதிலாக மிதந்து பக்கத்தில் இருப்பவர் மூக்குக்குப் போகிறது. அதனால் நாலு பேர் முன்னால் யாரும் கழற்றுவதில்லை. எலும்பு தேயாமல் இருக்க தினமும் இரண்டு மணி நேரம் பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுகிறேன். வியர்வை வழியாமல் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு படுத்துகிறது.

இருபத்தெட்டாம் தேதி சரக்குக் கலம் வருகிறது. இயந்திரக் கையை நீட்டி அதைப் பிடிக்கப்போவது உன் அக்கா. எட்டு வருஷப் பயிற்சி இந்த ஒரு நாளுக்குத்தான். நீயோ போன முறை ஒரே வரி எழுதினாய். உன் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவ்வளவு கூட்டமா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கூட்டமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் முகம் உப்பியிருந்ததைப் பார்த்து அம்மா, "நல்லா சாப்பிடுறா போல" என்று பூரித்துப்போனாள். ரத்தம் தலைக்கு ஏறுவதால் அப்படி என்று நான் சொல்லவில்லை.

என்னை உறுத்துவது வேறு. பேசும்போது யாரோ உன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். கையை முழுக்க நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் படித்தாய். பதினைந்து வருஷமாக என் கடைக்கு வருகிறவர்கள் செய்வது அதுதான். எத்தனை நாளாகக் கிட்டத்தில் தெரியவில்லை? மழுப்பாமல் எழுது.

உன் தம்பி

மார்ச் 10

அன்புத் தம்பிக்கு,

உன்னிடம் மறைக்க முடியுமா? ஆறு வாரமாகிறது. கொண்டுவந்த கண்ணாடியும் போதவில்லை. இடது கண்ணில் நேர்கோடு வளைந்து தெரிகிறது. கண்ணுக்குப் பின்னால் வீங்குவது இங்கே பலருக்கும் வருவதுதான்.

அதைப் படம் எடுக்கும் கருவி பழுது. அதற்கான பாகம் அந்தச் சரக்குக் கலத்தில்தான் வருகிறது. அதுவரை கையில் பிடித்துப் படிக்கும் எழுத்து அட்டைதான் சோதனை. உன் கடையில் இருப்பதும் அதே அட்டை. கடை திறந்த புதிதில் ஆள் கிடைக்காமல் என்னைத்தானே உட்காரவைத்து லென்ஸ் மாற்றிப் பழகினாய்? கடைசி வரியான எட்டாவது வரை எனக்கு மனப்பாடம். அப்படியே ஒப்பித்துவிட்டேன். கீழே தரையிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், "சபாஷ்" என்றார்.

கலத்தைப் பிடித்த மறுநாள் நானே சொல்லிவிடுவேன். அதுவரை மூச்சு விடாதே. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

கலத்தைப் பிடிப்பது திரையில் குறி பார்த்துத்தானே? கோடு வளைந்து தெரியும் கண்ணை வைத்துக்கொண்டா? அங்கே நீ மட்டும் இல்லை, ஆறு பேர் இருக்கிறீர்கள். அது இடித்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கண் நரம்பும் வீங்கிக்கொண்டே போனால் என் கடையில் அதற்கு லென்ஸ் கிடையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இருபதாம் தேதிக்குள் நீயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் சொல்வேன்.

தம்பி

மார்ச் 17

அக்கா,

பதில் இல்லை. திட்டியாவது எழுது. இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

தம்பி

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் டாக்டர், "ஏன் இவ்வளவு நாள் சொல்லலை?" என்றார். போனை வைத்த பிறகு ஒருவருடைய லென்ஸை விளிம்பில் உடைத்துவிட்டேன்.

அம்மா, "அவ கனவுல மண்ணைப் போட்டுட்டியேடா" என்று அழுதாள். நேற்று ராத்திரியிலிருந்து என்னோடு பேச்சில்லை. நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். பரவாயில்லை இல்லை அக்கா. எழுது.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

நேற்று கலம் வந்தது. பிடித்தது என்னைவிட ஆறு வயது சின்னவன். என்னைப் பக்கத்தில் இருக்கவிட்டார்கள். அதே திரையைப் பார்த்துக்கொண்டு நானும் மனதுக்குள் ஓட்டினேன். "இப்போ" என்று தோன்றியதும் என் விரல் தானாக மடங்கியது. அவன் அசையவில்லை. "ஏன் நிக்கிறே?" என்றேன். "இன்னும் ஒரு முழம் இருக்கே" என்றான். என் கண்ணுக்கு அந்த முழம் தெரியவில்லை.

கருவி சரியாகிவிட்டது. இரண்டு கண்ணிலும் வீக்கம். அடுத்த மாதமே இறக்குகிறார்கள், இனி மேலே அனுப்ப மாட்டார்கள். நீ செய்தது சரி. இதை எழுத எனக்கு எட்டு நாள் பிடித்தது. ஆனாலும் உன் மேல் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்று தெரியவில்லை.

தரையிறங்கினால் எனக்கு நிற்க வராது. கால் இரண்டும் குச்சியாகிவிட்டன, தலையும் சுற்றும். வீட்டிலிருந்து ஒருவர் வந்து தாங்கிப் பிடிக்கலாம் என்று பெயர் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வந்துவிடு. நான் பேச மாட்டேன். நீ கெட்டியாகப் பிடித்துக்கொள்.

அக்கா