ஞாயிற்றுக்கிழமை நீ ஆடியது

மச்சான்,

நேற்றுப் போட்டிருந்த சட்டையில் மீன் சுட்ட புகை இன்னும் மணக்கிறது. காலையில் மனைவி அதை மெசினுக்குள் போடப்போனாள். இருக்கட்டும் என்று பறித்துக் கதிரை முதுகில் போட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ கண்மூடி ஏழு மாதமாகிறது. சென் தெனிப் பூங்காவில் நடக்கும் ஆபிரிக்க இசை, கலை விழாவுக்கு நேற்றுப் போயிருந்தேன். உன் மகள்தான் கூப்பிட்டாள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்கமாட்டேன். ஏனென்று உனக்குத் தெரியும்.

அத்தனை வருட வேலையில் நம் இருவருக்கும் சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது அந்த ஒருமுறைதான். நம் உணவகத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். குசினியில் நம்மோடு இறைச்சி வாட்டிய மாலி நாட்டு மமடு, தன் அண்ணன் இதே விழாவில் மேளம் அடிக்கிறான், வராவிட்டால் இனி என் முகத்தில் முழிக்காதீர்கள் என்றான். அப்போது உன் அம்மா இறந்து பன்னிரண்டு நாள். அகதிப் பாஸ்போட்டில் ஊருக்குப் போகமுடியாது. மூத்தவன் நீ இங்கே இருக்க, அங்கே தம்பி கொள்ளி வைத்தான். நீ போனில் பார்த்தாய். சாவுத் துடக்கோடு விழாவுக்கு வரமாட்டேன் என்றவனை, “சும்மா சுவரைப் பாத்துக்கொண்டிராதை, காத்து வாங்கலாம் வா” என்று இழுத்துப்போனதும் நான்தான்.

சனிக்கிழமை நல்லாய்த்தான் இருந்தது. கச்சான் கடலை அரைத்துவிட்ட குழம்பைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் உன் முகம் மலர்ந்தது. “எங்கட கறிதானடா. தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக் கச்சான் விட்டிருக்கினம்” என்றாய். பரிமாறிய ஆபிரிக்கப் பெண்ணிடம் இரண்டாம் தரமும் தட்டை நீட்டினாய். மர முகமூடிகள் விற்ற கடையில், வாய் கோணி முறைத்த ஒன்றைத் தூக்கிக்காட்டி, “முதலாளி இஞ்சை நிக்கிறார், ஓடு” என்றாய். பன்னிரண்டு நாளில் நீ சிரித்தது அன்றைக்குத்தான். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். நாளைக்கும் வருவோம் என்று சொன்னவன் நீ.

ஞாயிறு பின்னேரம் மமடுவின் அண்ணன் கூட்டத்தார் புல்தரையிலேயே வட்டமாய் நின்று அடிக்கத் தொடங்கினார்கள். நீ கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாய். பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனாய். அந்த ஆட்டத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கால் போனபடி, வேர்க்க வேர்க்க ஆடினாய். மமடு கைதட்டி விசிலடித்தான். நான் உன்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம், குழந்தை வண்டிலோடு நின்ற லெ பிளாங்-மெனில் பக்கம் குடியிருக்கும் ஆட்களைத்தான் பார்த்தேன். நம் ஊரவர்கள். உன் அம்மாவின் மரண அறிவித்தலை ரூ காய் தெருத் தமிழ்க்கடைச் சுவரில் வாசித்தவர்கள்.

வட்டத்துக்குள் புகுந்து உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். “விசரே உனக்கு? அம்மான்ர முப்பத்தொண்டாம் நாள் இன்னும் முடியேல்லை. ஆக்கள் என்ன சொல்லுவினம்?” ஸ்டேசன்வரை பிடியை விடவில்லை. ரயில் புறப்பட்ட பிறகுதான், யன்னலைப் பார்த்தபடி சொன்னாய். “பெட்டியைத் தூக்கேக்கை போன் கட்டாகிட்டுதடா. அம்மாக்கு அடிச்ச பறையை நான் கேக்கேல்லை.”

அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மறுநாள் குசினியில் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே எத்தனை நாள் இருந்தேன், அப்போதாவது கேட்டிருக்கலாம். கால்பந்து, வாடகை, வெயில் என்று எல்லாம் கதைத்தேன், இதை மட்டும் கதைக்கவில்லை. வெட்கம், மச்சான். வேறொன்றுமில்லை.

நேற்று மேளம் தொடங்கியதும் உன் மகள் என் முகத்தைப் பார்த்தாள். “மாமா, நான் ஆடலாமோ? அப்பான்ர வருசம் முடியேல்லை. அம்மாக்குச் சொல்லாதேங்கோ, என்ன?”

“ஆடு பிள்ளை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெஞ்சு பொறுக்கவில்லை. இதே இடத்தில் உன் அப்பாவை ஆடவிடாமல் இழுத்துக்கொண்டு போனவன் நான்தான் என்று சொன்னேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கதை தனக்குத் தெரியுமாம். நீ வீட்டில் அடிக்கடி சொல்வாயாம். படபடவென்று பிரெஞ்சில் தொடங்கியவள், உன் வார்த்தைகளை மட்டும் தமிழில், உன் குரலிலேயே சொன்னாள்: “அண்டைக்கு நான் அழுது விழுந்திருப்பன். மாமாதான் வந்து கையைப் பிடிச்சவன். ஸ்டேசன் வரைக்கும் விடேல்லை.”

கள்ளா. நான் ஏன் பிடித்தேன் என்று உனக்கு நன்றாகத் தெரியும். விட்டால் திரும்பவும் ஓடிப்போய் ஆடுவாய், ஊர் சிரிக்கும் என்ற பயத்தில் பிடித்தேன். தெரிந்துகொண்டே பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவைத்திருக்கிறாய், என்னைப் பற்றி அவள் ஒரு குறையும் நினைக்கக்கூடாதென்று. நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எப்படித் தாங்குவது?

“அப்பிடித்தானே, மாமா?” என்று கேட்டாள். சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என் பதிலுக்காக நின்றாள்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, மச்சான். “ஓம் பிள்ளை, அப்பிடித்தான்” என்றேன்.