தாழம்பூ சொன்ன சாட்சி

சிவமயம்

அடியும் முடியும் அளக்கப் புறப்பட்டோர் செருக்கடங்க அனற்பிழம்பாய் நின்ற அண்ணாமலையார் திருவடி என் சொல்லுக்கு முன்னே நிற்க. உண்ணாமுலையம்மை இதை எழுதும் கையையும் பிரிக்கும் கையையும் காக்க.

பேகோபுரத் தெரு,
திருவண்ணாமலை,
ஈசுவர ஆண்டு தை 20 (2.2.1998)

சிரஞ்சீவி சுப்பிரமணிக்கு உன் தந்தை காசி எழுதுவது.

இங்கு நானும், உன் மனைவி எழிலும், குழந்தைகள் மணிமொழியும் வேதாவும் இறையருளால் நலம். வேதாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றன. பதினொரு மாதக் குழந்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். நீ இன்னும் அவளைப் பார்க்கவில்லை என்பதால் எழுதுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. கிரிவலப் பாதையிலுள்ள அன்னதான மடத்தில், வருகிற மாசி மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பொன்னாடை போர்த்தி ‘ஓவியச் செம்மல்’ என்று பட்டம் அளிக்கிறார்கள் என்று மகிழ்ந்து எழுதியிருக்கிறாய். மடத்தின் நிறுவனர் பன்னிருவரின் உருவப்படங்களோடு, மறைந்த உன் தாய் வெள்ளையம்மாளின் படத்தையும் மேடையில் வைக்க வேண்டும் என்றும், அதன் கீழே உன் பெயரை எழுதி முன்னதாகவே அனுப்பிவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். சென்னையிலிருந்து நேரே மடத்துக்கு வந்து அன்று மாலையே திரும்பிவிடுவாய், வீட்டுக்கு வர நேரமிராது என்பதையும் கடைசி வரியில் கண்டேன்.

பன்னிரண்டு படங்களைப் பற்றி இதுவரை நான் வாய் திறக்கவில்லை. பதின்மூன்றாவதையும் கேட்டுவிட்டாய். ஆகவே சிலவற்றை நினைவூட்டுவது என் கடமையாகிறது.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவதில் நீ கெட்டிக்காரன். அந்தப் பெயரால்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் மடத்துத் தலைவர் ராஜேந்திரன் உருவப்பட வேலையை உன்னிடம் தந்தார். நீ முதலில் ஒரு நிறுவனரை வரைந்தாய்; அவர் மனைவி கன்னியம்மாள் அந்தப் படத்தைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்தார். முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்துவிட்டு, “இது எங்கூட்டுக்காரரா? ஜப்தி பண்ண வந்த தாசில்தாரு மாதிரி இல்ல மொறைக்கிறாரு!” என்று சொல்லி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். நீ தூரிகையை எறிந்துவிட்டு வெளியே போனாய். மறுநாள் நண்பகலில், மணிமொழி உறங்கிய நேரத்தில், எழில் அந்தத் தூரிகையை எடுத்தாள்.

அவள் வரைந்த விதத்தை நீ இருந்து பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். கூடத்து ஜன்னலோரம் உன் தாயின் அரக்குச் சிவப்புச் சேலையில் கட்டிய தூளி. அதன் கயிற்று நுனியைக் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு, ஆட்டியபடியே வரைவாள். குழந்தை சிணுங்கினால் கால் விரையும். கை நிதானம் மாறாது. பாலுக்கு அழுதால், டர்பன்டைன் வாடை போகச் சீயக்காய்த் தூள் தேய்த்து மூன்று முறை கை கழுவிய பிறகே தூக்குவாள். ஒரு முகத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மணிமொழி தவழ்ந்ததும் நடந்ததும் அந்த முகங்களுக்கு நடுவில்தான். ஒரு பெரியவரின் ஈர மீசையை அவள் உள்ளங்கையால் துடைத்துவிட, பத்து நாள் உழைப்பு போயிற்று. எழில் அவளை அடிக்கவில்லை. சற்று நேரம் அழுதாள். பிறகு மீசையை மறுபடி வைத்தாள்.

கண்களை மட்டும் கடைசியில் வரைவாள். மடம் தந்த பழைய புகைப்படங்களில் கண்கள் வெறும் கரும்புள்ளிகளாக இருந்தன. இவற்றுக்கு உயிரை எங்கிருந்து எடுப்பாய் அம்மா என்று ஒருநாள் கேட்டேன். உறங்கி எழுந்த மணிமொழியைத் தூளியிலிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி எதிரே உட்காரவைத்து, அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினாள். பன்னிரண்டு முகங்களுக்கும் அப்படித்தான். சென்ற ஆண்டு உன் தாயின் படத்துக்கு வேதாவின் கண்.

இனி என் குற்றம். படங்களைப் பார்த்து நிறுவனர் குடும்பங்கள் கண்ணீர் விட்ட நாளில், வரைந்தது உண்மையில் யார் என்று ராஜேந்திரன் என்னிடம் கேட்டார். அதற்கு முந்தின வாரம்தான், “அந்த வூட்டு மருமவ ஊரு ஆம்பளைங்க மீசையெல்லாம் ஒக்காந்து நீவி விட்டுக்கினு இருக்குது” என்று எதிர்வீட்டு ஜோதியம்மாள் குழாயடியில் சிரித்தது என் காதில் விழுந்திருந்தது. மானம் என்று ஏதோ ஒன்றை நினைத்து, என் மகன் வரைந்தவை என்றேன். நீ மறுக்கவில்லை. எழில் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் தாய் மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் எழில் அவள் படத்தில் வைத்திருக்கிறாள். பூசை முடித்து நிமிரும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது.

அந்த ஒரு பொய்யை ஏணியாக்கி நீ சென்னைக்கு ஏறினாய். பதினான்கு மாதங்களாக, உன்னிடம் படம் கேட்போரின் புகைப்படங்கள் அங்கிருந்து வருகின்றன. இங்கிருந்து முகங்கள் பஸ் பார்சலில் போகின்றன. கீழே உன் கையெழுத்து.

படத்தை நானே மடத்துக்குக் கொண்டுவருவேன். கீழே எழுத இடம் விட்டிருக்கிறது. சபையில் உன் வாயால் எந்தப் பெயர் வருகிறது என்று பார்ப்போம். வாழ்த்துரை வழங்க ராஜேந்திரன் என்னை அழைத்தார், இசைந்தேன். அந்தக் கண்களை நன்றாகப் பார்த்துவிட்டு மேடை ஏறு. உன்னிடம் ஒரு கேள்வி கேட்பேன். விடை இந்தக் கடிதத்தில், குழந்தைகளைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. தாண்டிப் படிக்காதே.

உண்மையை உரைக்கும் துணிவை அம்மை உனக்கு அருள்க.

இப்படிக்கு,
வே. காசி


சிவமயம்

பொய் சொன்ன வாயையும் அதை ஒப்புக்கொண்ட வாயையும் ஒரே தீயில் வைத்துப் பார்க்கும் அருணைப் பெருமான் திருவடி போற்றி.

திருவண்ணாமலை,
மாசி 14 (26.2.1998)

சுப்பிரமணிக்கு,

உன் சினம் எழுத்தில் தெரிந்தது. தாள் இரண்டு இடங்களில் கிழிந்திருந்தது. “பெத்த புள்ளைய சபையில வச்சி அறுத்துட்டீங்களே” என்று கேட்டிருக்கிறாய். ஆம், அறுத்தேன். தனியே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்கிறாய். தை மாதக் கடிதம் வேறெதற்கு?

நீ பாதியில் எழுந்து போனாய். அன்று நடந்ததை உனக்கு வேண்டிய விதத்தில் மாற்றியும் எழுதியிருக்கிறாய். ஆதலால் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னவை இவை. பன்னிரண்டும் உன் தவம். பதின்மூன்றாவதை வரையும்போது, “அம்மா மொகத்தப் பாத்து நான் அழுதுட்டேங்க.” கூட்டம் கைதட்டியது. மண்டபத்தின் கடைசித் தூணருகே எழில் வேதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உன் பொருட்டு என் நெஞ்சில் மிஞ்சியிருந்த இரக்கம் அந்தக் கைதட்டலோடு ஏறக்குறையத் தீர்ந்தது.

நான் எழுந்து இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். முடியைக் கண்டேன் என்று பொய் உரைத்தவன் பிரமன். கண்டான் என்று சாட்சி சொன்னது தாழம்பூ. அவனுக்குக் கோயில் இல்லாமற் போயிற்று, அந்தப் பூவுக்குச் சிவபூசையில் இடம் இல்லாமற் போயிற்று. முப்பத்தொரு ஆண்டுகளாகச் சிவராத்திரிதோறும் கோயிலில் நான் சொல்லிவந்த கதை. இந்தச் சபையில் அந்தப் பூ நான், இப்படங்களை வரைந்தவள் என் மருமகள் எழில் என்றேன்.

அப்போது நீ என்ன செய்தாய்? சிரித்தாய். “அப்பாவுக்கு வயசாயிடுச்சிங்க, ஞாபகம் கம்மி” என்றாய். சிலர் உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அதுவரை உன்னைத் தப்பவிடும் எண்ணம் எனக்கு ஒரு துளி இருந்தது. கேள்வியைக் கேட்காமலே அமர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கேட்டேன்: இவர்கள் கண்களுக்குள் என்ன வரைந்திருக்கிறாய்?

ஒரு வெள்ளைப் பொட்டு, எல்லாப் படத்துக்கும் வைப்பதுதான் என்றாய். படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போட்ட கலீல் ரஹ்மான் பாய் முன்வரிசையில் இருந்தார். கண்ணாடி பொருத்தும்போது பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்து, ஈராண்டுக்கு முன்பே என்னிடம் காட்டியவர் அவர். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தபடி எழுந்து, “வெள்ளைப் பொட்டா? செவப்புதானே தம்பி ஜாஸ்தியா தெரியுது” என்றார்.

ராஜேந்திரன் அதை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மூன்றாவது படத்தில் அவர் முகம் மாறியது. எல்லாக் கண்களுக்குள்ளும் கடுகளவில் ஒரு ஜன்னல், மூன்று கம்பிகள், அவற்றின் முன்னே சிவப்பாக ஏதோ தொங்குகிறது. இது என்ன என்று உன்னைக் கேட்டார். நீ கூரையைப் பார்த்தாய். மணிமொழி மேடையேறி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, தனக்கும் காட்டச் சொன்னாள். தூக்கிக் காட்டினார். “ஐ! பாப்பா தூளி! எங்கூட்டு ஜன்னலு!” என்று அவள் கத்தியது ஒலிபெருக்கியில் மண்டபம் முழுதும் கேட்டது. “அந்தத் தாசில்தார வரஞ்ச கையி இது இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்று கன்னியம்மாள் கீழிருந்து சொன்னார். அதற்குச் சபை சிரித்த சிரிப்புதான் உன்னைப் பின்வாசல் வரை துரத்தியது.

ஒன்றை மட்டும் நினைத்துப் பார். ஒரே ஒரு நாள் உன் குழந்தையை மடியில் வைத்து அவள் கண்ணைப் பார்த்திருந்தால், அன்று விடை உன் நாவில் இருந்திருக்கும். அறிந்தே அப்படிப்பட்ட கேள்வியைத் தேர்ந்தேன். எழில் அதை வேண்டுமென்று வரையவில்லை. குழந்தையின் கண்ணில் தெரிந்ததை அப்படியே வைத்தாள், அவ்வளவே. அதைக் கத்தியாக்கியவன் நான்.

நீ போன பிறகு ராஜேந்திரன் பொன்னாடையை எழிலிடம் கொண்டுபோனார். அவள் தோளில் வாங்கிக்கொள்ளவில்லை. வேதாவைக் கீழே விட விரிப்பு இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். அதை விரித்து அதன்மேல் படுக்கவைத்தாள். சிறிது நேரத்தில் குழந்தை அதை நனைத்துவிட்டது. உனக்காக நெய்த ஆடை இப்போது நம் கொல்லைக் கொடியில் காய்கிறது. இதை எழுதுகையில் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது; அதை மறைக்கமாட்டேன்.

உன் தாயின் படத்தின் கீழே ‘எழில்’ என்று எழுதியாயிற்று. மடத்துப் பன்னிரண்டிலும் உன் கையெழுத்தை அழித்து அவளே எழுதினாள். நீ அனுப்பிய வேலைகளில் மூன்று முகங்கள் முடியாமல் கிடந்தன. அந்த வீட்டாருக்கு, வரைபவள் தான் என்றும், தன் பெயரோடு வாங்க விருப்பமா என்றும் அவள் அஞ்சல் அட்டை எழுதினாள். இருவர் சம்மதித்துப் பதில் எழுதிவிட்டார்கள். இனி இங்கிருந்து உனக்குப் பார்சல் வராது.

சாட்சிக்கும் தண்டனை உண்டு. நேற்றுச் சிவராத்திரிக்கு நான் கோயிலில் பேசவில்லை. இனியும் பேசமாட்டேன். பிறருக்கு அந்தக் கதையைச் சொல்லும் தகுதியை நான் இழந்து ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு நானே விதித்துக்கொண்டதைத்தான் உனக்கும் விதித்தேன்.

கடைசியாக ஒன்று. மடத்திலிருந்து திரும்பிய அன்று மணிமொழி தன் தாயிடம், மேடையில் கோபமாக நின்றவர்தான் அப்பாவா என்று கேட்டாள். மறுநாள் எழில் உன் முகத்தை வரையத் தொடங்கினாள். நெற்றி, மூக்கு, இடது புருவத்துத் தழும்பு, யாவும் நினைவிலிருந்தே வந்துவிட்டன. கண்கள் மட்டும் இல்லை. ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டேன். “அவரு கண்ணுல எந்த ஜன்னல வைக்கிறது, மாமா?” என்றாள்.

கண்ணில்லாத அந்த முகத்தை, உன் தாயின் படத்துக்குப் பக்கத்தில் நான் மாட்டிவிட்டேன். உயிரோடு இருப்பவர் படத்தை அங்கே மாட்டக்கூடாது என்று ஜோதியம்மாள் பதறிப்போய்ச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றேன். வருவோர் எல்லாரும் அது யார் என்று கேட்கிறார்கள், சொல்கிறேன்.

அதை இறக்கச் செய்யும் வழி ஒன்றுதான். ஒருநாள் நண்பகலில் இந்தக் கூடத்து ஜன்னலுக்கு நேரே, வேதாவை மடியில் வைத்துக்கொண்டு, எழில் போதும் என்று சொல்லும்வரை நீ உட்கார வேண்டும். எனக்கு அறுபத்தொன்பது வயது. என் படத்தை அங்கே மாட்டும் நாளுக்கு முன் வந்தால் நன்று.

நீ இருக்கும் வீட்டிலும், நீ விட்டுப்போன இவ்வீட்டிலும் விளக்கு அணையாதிருக்க. பிள்ளைகள் நோயின்றி வளர்க. உன் கண்ணில் ஒளி உண்டாகுக.

உன் தந்தை,
வே. காசி