கடைசி அத்தியாயம் கேட்டவனுக்கு

தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. உன் நலத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. உன் மனைவி பக்கம் பக்கமாக எழுதிவிட்டாள். கண் மங்கிவிட்டதாம், அவள்தான் உனக்குப் படித்துக் காட்டுகிறாளாம். மழைக்காலம் தாண்டுவது கடினம் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். என் முழங்காலைப் பற்றியும் ஒருவர் சொன்னார். நான் இன்னும் மாடிப்படி ஏறித்தான் தையல் கடைக்குப் போகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த நாவலில் பாட்டு டீச்சரைக் கொன்றது யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

"அண்ணி, கதை முழுக்க வேணாம், ஆளை மட்டும் சொல்லுங்க. அவர் தூக்கத்துலகூட அதையேதான் கேக்குறார்" என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். பழைய புத்தகக் கடையில் நீ வாங்கிய பிரதியில் கடைசி அத்தியாயமே இல்லையாம். இப்போது அச்சில் இல்லாத புத்தகம். என்னிடம் முழுசாக இருக்கிறது. இருக்கட்டும்.

இதெல்லாம் உனக்கு எப்போதிலிருந்து பிடித்தது? பெண்கள் எழுதிய துப்பறியும் கதை என்றாலே உனக்கு இளக்காரம். "ஆம்பளை எழுதினா துப்பாக்கி வெடிக்கும், பொம்பளை எழுதினா டீதான்க்கா ஆறும்" என்பாய். அந்த டீயை யார் குடிக்காமல் ஆறவிட்டார்கள் என்பதில்தான் கொலையே இருக்கிறது என்று நான் சொன்னால், அப்பாவைப் பார்த்துக் கண்ணடிப்பாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீயும் படிக்க ஆரம்பித்தாய். போன வருடம் போனில் எனக்கே வகுப்பு எடுத்தாய். "நீயும் படிச்சுப் பாரேன்க்கா, பிரமாதமா எழுதுறாங்க" என்றாய். லைன் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. நான்தான் வைத்தேன்.

உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். நீ படித்துத் தூக்கி எறிந்த பாடப் புத்தகங்களில்தான் எழுத்துக் கூட்டக் கற்றேன். முதலில் முழுசாகப் படிக்கத் துணிந்தது தையல் கடை முதலாளியம்மா கொடுத்த ஒரு துப்பறியும் நாவலை. பித்தான் தைப்பதற்கு நடுவே, விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். பாதி தாண்டியிருப்பேன். ஒரு காலையில் திறந்தால், பக்க ஓரத்தில் பென்சிலால் உன் முத்தான கையெழுத்து: தோட்டக்காரன்தான்.

நீ மட்டுமா சிரித்தாய்? அம்மாவும் சிரித்தாள். "சின்னப் பையன் விளையாட்டு, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குற" என்றாள். ரப்பர் வைத்து அழித்தேன். பென்சில் போனது, தோட்டக்காரன் போகவில்லை.

இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அது தப்பு என்று நீ சொன்னதில்லை. இப்போதும் மனைவியை விட்டுத்தான் கேட்கிறாய்.

கதையில் மாடியில் குடியிருக்கும் வக்கீல் மேல் உனக்குச் சந்தேகமாம். உன் மூளை அவ்வளவு தூரம்தான் ஓடும். பெரிய ஆபீசர்! சமையல்காரி ஜன்னல் துடைக்கும் இடத்தை மறுபடி படிக்கச் சொல்லிக் கேள். இதற்கு மேல் என் வாயிலிருந்து வராது.

இங்கே குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரர் காதில் போட்டுக்கொள்வதில்லை. கடையில் பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடக்கிறது.

உன் மனைவி அழுததற்காக ஒன்று செய்கிறேன், உனக்காக அல்ல. கடைசி அத்தியாயத்தை என் கையால் பார்த்து எழுதி அனுப்புவேன், ஒரு கடிதத்துக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் இதோடு இருக்கிறது. அதில் யாரும் பிடிபடவில்லை. எல்லோரும் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு, கொன்றது யார், எதற்காக என்று நீ பதில் போட வேண்டும். நீ சொல்ல அவள் எழுதினால் செல்லாது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் உன் கையெழுத்தாக இருக்க வேண்டும். அது வந்தால்தான் அடுத்த பக்கம்.

நீளமான அத்தியாயம். நான் மெதுவாக எழுதுகிறவள். மாதத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் முடியாது. உன் டாக்டரின் அவசரத்துக்கெல்லாம் என் கை ஓடாது. வேளாவேளைக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காத்திருக்கக் கற்றுக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா