பதினோரு வருஷத்து நல்ல நாள்

ஔலு,
பிப்ரவரி 6, 1989

அன்புள்ள ஹில்யா,

தேவ சமாதானம்.

உன் வீட்டுக்காரர் ஆர்வோ போய்விட்ட சேதி எனக்கு நவம்பரிலேயே வந்தது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. முட்டி வலி என்று மகளிடம் சாக்குச் சொன்னேன். உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை என்பதுதான் நிஜம்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உங்கள் சவுனாவில் நீராவிக் குளியலுக்கு வந்த அந்தச் சனிக்கிழமை, துணி மாற்றும் அறையில் உருளைக்கிழங்குச் சாக்கால் மூடியிருந்த டெலிவிஷனைப் பார்த்தேன். நம் சபையில் அதை வைத்திருப்பதே பாவம். மறுநாளே சபைப் பெரியவர்களிடம் சொன்னது நான்தான். உனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என் வாயால் உன்னிடம் ஒப்புக்கொண்டதில்லை. ஜெபவீட்டில் ஆர்வோவை நாலு மணி நேரம் நிற்க வைத்து விசாரித்ததற்கும், அதன்பிறகு ஊரில் ஒருவரும் அவருக்கு 'தேவ சமாதானம்' சொல்லாமல், வெளியாளுக்குச் சொல்வதுபோல் 'நல்ல நாள்' என்றதற்கும் நானே காரணம்.

நம் வழக்கப்படி கேட்கிறேன். மன்னிப்பின் வார்த்தையை எனக்குச் சொல்வாயா? எழுதி அனுப்பினாலும் போதும்.

உன்,
கெர்த்து


கூசிராந்தா,
பிப்ரவரி 20

கெர்த்து,

நல்ல நாள்.

கடிதம் வந்தது. இங்கே ஜன்னல் வரை பனி. மாட்டுத் தொழுவத்துக்கு வழி வெட்டவே பாதி நாள் போகிறது. அது ஆர்வோவின் வேலை.

நீ கேட்ட வார்த்தை இதோ. இயேசுவின் நாமத்தில் உன் பாவம் மன்னிக்கப்பட்டது, நம்பு.

எழுதிவிட்டேன். பசுக்கள் கத்துகின்றன.

ஹில்யா


ஔலு,
மார்ச் 3

அன்புள்ள ஹில்யா,

தேவ சமாதானம்.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். மேலே 'நல்ல நாள்' என்று போட்டுவிட்டுக் கீழே மன்னிப்பை எழுதியிருக்கிறாய். அது எனக்குள் எப்படி இறங்கும்? அதைவிட நாலு வரி திட்டியிருக்கலாம். ஜெபவீட்டு வாசலில் என் காதுபடவே, "இவ வாய்க்குப் பூட்டு போட ஆளே இல்லையா?" என்று கேட்டவள்தானே நீ.

இன்னொன்றையும் கேள், சிரிப்பாய். மகள் வீட்டுக் கூடத்தில் பெரிய டெலிவிஷன் இருக்கிறது. அதற்கு எதிரில்தான் என் கட்டில். போன வாரம் லாஹ்தியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியைக் காட்டினார்கள். முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். இதைப் பார்க்கத்தானே அந்த மனுஷன் பெட்டியை வாங்கினார்! இதற்கா அவரை அத்தனை பாடு படுத்தினோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னம்மா, யாரு தோத்துட்டாங்க?" என்று மகள் கேட்டாள்.

உன்,
கெர்த்து


கூசிராந்தா,
மார்ச் 19

கெர்த்து,

திட்டச் சொல்கிறாய். எனக்குத் தெம்பு இல்லை. தவிர, உன்னைத் திட்டும் யோக்கியதையும் இல்லை.

அன்று ஜெபவீட்டில், ஆர்வோ இனி நம்மவர் இல்லை என்று ஒத்துக்கொள்கிறவர்கள் எழுந்து நிற்கட்டும் என்றார்கள். நீ முன்வரிசையில் இருந்தாய், திரும்பிப் பார்க்கவில்லை. நானும் எழுந்து நின்றேன், கெர்த்து. வீட்டுக்கு வரும் வழியில் அவர் "பனி விழும்போல இருக்கு"ன்னார், அவ்வளவுதான். மறுநாள் காலையில் காப்பி ஊற்றும்போது அவருக்கு 'நல்ல நாள்' சொன்னேன். என் சொந்தப் புருஷனுக்கு, என் சொந்த அடுப்படியில், பதினோரு வருஷம் அதையே சொன்னேன். அந்த விசாரணைக் கூட்டங்களே தப்பு என்று பெரியவர்கள் பிற்பாடு மெல்ல ஒத்துக்கொண்டார்கள். ஆனாலும் எனக்கு வெட்கம். திடீரென்று ஒருநாள் எப்படி மாற்றிச் சொல்வது என்று நாளைக்கு நாளைக்கு என்றே தள்ளிப்போட்டேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள், பால் கறக்க நேரமாகிறது என்று கோட்டை மாட்டிக்கொண்டேன். அவர் லேசாகக் கையைத் தூக்கி, "தேவ சமாதானம், ஹில்யா" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி, நாளைக்கு வரேன்." விடிவதற்குள் ஃபோன் வந்துவிட்டது.

நீ கேட்க நான் இருக்கிறேன். நான் யாரிடம் போய்க் கேட்பது?

ஹில்யா


ஔலு,
மார்ச் 30

ஹில்யா, என் அன்பே,

தேவ சமாதானம்.

நான் ஊரைவிட்டு வருவதற்கு முந்தின வருஷம், கடையில் ஆர்வோவை எதிரில் பார்த்தேன். தொப்பியை எடுத்துவிட்டு, "தேவ சமாதானம், கெர்த்து. முட்டி எப்படி இருக்கு?" என்றார். நான் காப்பி டப்பாக்கள் பக்கம் திரும்பி, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, "அது நல்ல காப்பிதான், வாங்கிக்கோ"ன்னு சொல்லிட்டுப் போனார். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யார்மேல் மனதில் கசப்பு இருக்கிறதோ அவருக்கு நாம் 'தேவ சமாதானம்' சொல்வதில்லை. நீ கேட்காமலேயே அவர் உன்னை மன்னித்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எந்த விசுவாசியின் வாயும் மன்னிப்பைச் சொல்லலாம் என்பது நம் வழக்கம். காட்டிக்கொடுத்த வாய்க்கும் அது பொருந்துமா, தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். ஹில்யா, இயேசுவின் நாமத்தில் உன் பாவம் மன்னிக்கப்பட்டது. நம்பு.

இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

கெர்த்து


கூசிராந்தா,
ஏப்ரல் 12

அன்புள்ள கெர்த்து,

உன் கடிதம் எட்டு நாள் மேஜைமேல் கிடந்தது. ஒன்பதாம் நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆர்வோவின் கல் வரைக்கும் பனியை வெட்டி, நின்று, அவருக்குத் திருப்பிச் சொல்லாத அந்த 'தேவ சமாதான'த்தைச் சத்தமாகச் சொன்னேன். பாரம் இறங்கியது என்று பொய் எழுத மாட்டேன். களைப்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை பஸ் நாலு மணிக்கு வரும். முட்டி வலிக்கிறது என்று என்னிடம் சாக்குச் சொல்லாதே, நிறுத்தத்துக்கு நானே வண்டி கொண்டு வருகிறேன். சனிக்கிழமை சவுனா மூட்டுவேன். அந்தப் பெட்டி இன்னும் சாக்குக்கு அடியில்தான் இருக்கிறது. படம் வருமா என்று பார்ப்போம்.

தேவ சமாதானம், கெர்த்து.

இதற்குப் பதிலை வாயால் சொல்ல வா. அடுத்த மாதம், அடுத்த வாரம் என்று தள்ளாதே. நாளைக்கு என்று சொல்லி நான் ஒருமுறை கெட்டது போதும்.

உன்,
ஹில்யா