வெள்ளிக்கிழமை வாங்காத காசு

யூலை 21, திங்கள்

கச்சான் காற்று. காலையிலேயே முகம் காய்ந்து போயிற்று. ஸ்கூட்டிக்குப் பெற்றோல். அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் (மறந்துவிட்டேன்).

காலைக் கூட்டம். அரசாங்கம் மீனவர்களுக்குக் கொடுத்த எஞ்சின் கடனில் நிலுவை வைத்திருப்பவர்கள் எல்லாரும் இனி எங்கள் கம்பனியின் பொறுப்பு. அரசாங்கத்துக்கு நேரே வந்து கேட்க வெட்கம் போல, கூலிக்கு ஆள் பிடித்திருக்கிறது. அந்தக் கூலி நான். பெண் பிள்ளை போனால் கதிரை போட்டு இருத்துவார்களாம், அதனால் நிலாவெளிப் பக்கம் வீடுவீடாகப் போய்க் கேட்பது என் வேலை.

மனேஜர் சொன்னது: வெள்ளி முடியுமுன் ஒரு தவணையாவது கட்ட வேண்டும். கட்டாதவர்களின் எஞ்சினைத் தூக்குவார்கள். அதற்கு வேறு ஆட்கள், பிக்கப்புடன். வெள்ளி இரவே கொழும்பில் கொம்பியூட்டர் கணக்கைத் தானாக மூடிவிடும், அவராலும் ஒன்றும் செய்ய முடியாதாம்.

யூலை 22, செவ்வாய்

நிலாவெளி. ஒரு வீட்டில் நாய், ஒரு வீட்டில் பூட்டு.

பிறகு அடுத்த நிலுவை, பவளம் அக்கா வீடு. புருஷன் தருமர் விடியக் கடலால் வந்து நித்திரை. அக்கா கதிரை போட்டார், பிளேன்டீ தந்தார். அரசாங்கத்தில் இருந்தா வருகிறீர்கள் என்று கேட்டார். இல்லை, கம்பனி என்றேன்.

"கம்பனியிட்ட நாங்கள் ஒரு சதமும் வாங்கேல்லையே பிள்ளை."

இதற்குப் பதில் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். சொன்னேன். எனக்கே விளங்கவில்லை.

போன வருஷம் தருமருக்கு வயிற்றில் ஒப்பரேசன், அதோடு தவணை நின்றது. இப்போதுதான் மீன் படுகிற காலம். எஞ்சின் போனால் வெறும் துடுப்போடு ஆழக்கடலுக்குப் போக முடியாது, வீட்டில் வேறு வருமானமும் இல்லை. வெள்ளிக்குள் ஒரு தவணை கட்டினால் போதும் என்றேன். அக்கா காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் காணாததுபோல் தேநீரைக் குடித்தேன். சீனி கூடுதல்.

யூலை 23, புதன்

பின் டயர் காற்றுப் போயிற்று. ஒட்டுகிற கடையில் ஒருவர் மற்றவருக்குச் சொன்னது: "கடன் தந்தவன் ஒருத்தன், கழுத்தைப் பிடிக்கிறவன் இன்னொருத்தன்." என் கழுத்தில் தொங்கிய கம்பனி அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன்.

மத்தியானம் கொத்துரொட்டி. ருசி தெரியவில்லை. கொஞ்ச நாளாகப் பெரும்பாலும் இப்படித்தான்.

யூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்கு விரதம். காத்தோட்டங்காய் நெருப்பு விலை, ஆனாலும் அம்மாவுக்கு அது இல்லாமல் படையல் இல்லை. அரைநாள் லீவு. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன்.

பவளம் அக்கா போன் எடுத்தார். நாளைக்கு ரவுணுக்கு வந்து தோட்டை அடைவு வைத்துக் காசு எடுக்கிறாராம். பின்னேரம் வந்தால் காசு தயார். நல்லது அக்கா என்றேன்.

யூலை 25, வெள்ளி

காற்று. கண்ணெல்லாம் மண்.

அடைவு கடையில் சனம், பிறகு பஸ்ஸும் பிந்தி, அக்கா வீடு சேர்ந்ததே பொழுதுபடத்தான். நான் போகும்போது குளித்து விளக்கு ஏற்றிவிட்டார். காசு சாமிப் படத்தின் முன் தட்டில். என் கைக்கு எட்டுகிற தூரம்.

"விளக்கு வைச்சிட்டன் பிள்ளை. ஆடி வெள்ளியில விளக்கு வைச்ச வீட்டில இருந்து காசு வெளிய குடுக்கேலாது. விடிய வாங்கோ, அப்பிடியே எடுத்துத் தாறன்."

சரி என்றேன்.

கெடு இன்றோடு முடிகிறது என்று சொல்லி வற்புறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டிலும் வெள்ளி பொழுதுபட்டால் பக்கத்து வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுக்கமாட்டோம். இன்னொருத்தி வீட்டு லட்சுமியை நான் எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? மனேஜருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. காசுதான் கண்முன்னே இருக்கிறதே, ஒரு இரவில் என்ன ஆகிவிடும் என்று வந்துவிட்டேன்.

யூலை 26, சனி

விடிய வெள்ளெனவே போனேன். அதற்கு முன் பிக்கப் வந்து போய்விட்டது.

போட் கரையில். பின்பக்கம் எஞ்சின் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. தருமர் மணலில் இருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. பவளம் அக்கா காசைக் கொண்டுவந்து நீட்டினார். மேல் தாளில் குங்குமம். காசு வாங்கிப் பதிகிற கம்பனி மெசினில் கடன் இலக்கத்தை அடித்தேன். மூடப்பட்ட கணக்கு என்றது. திரும்பவும் அடித்தேன், அதே. இனி வாங்க முடியாது அக்கா என்றேன்.

"நீங்கள் சரி எண்டு சொன்னனீங்கள் பிள்ளை."

ஓம் என்றேன்.

தோடு கழற்றிய காதுத் துளையில் வேப்பங்குச்சி. அவர் சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார், எனக்குத் தேநீர் போட. நான் நிற்கவில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லவும் இல்லை.

யூலை 29, செவ்வாய்

மனேஜரிடம் கேட்டேன். எஞ்சினைத் திருப்பி எடுக்க முழுக் கடனும் கட்ட வேண்டும், பிக்கப் கூலியும் சேர்த்து. ஆடி வெள்ளிக் கதையைச் சொன்னேன். சிரித்தார். "விளக்கு வைச்சது கொம்பியூட்டருக்குத் தெரியுமோ? நீங்கள் தட்டில இருந்து எடுத்திருக்கலாமே." எடுத்திருக்கலாம்தான்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் எண்ணெய் வாங்கினேன்.

யூலை 31, வியாழன்

நிலாவெளி றோட்டால் போகவில்லை, சுற்றிப் போனேன். தருமர் வேறொருவரின் போட்டில் கூலிக்குப் போகிறாராம், தேநீர்க் கடையில் கதைத்தார்கள். சவர்க்காரம், பல்பு வாங்கினேன்.

ஓகஸ்ட் 1, வெள்ளி

காற்று கொஞ்சம் குறைவு. வீடு கழுவினேன். அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது போனில் வங்கித் தகவல். கம்பனி ஊக்கப் பணம் போட்டிருக்கிறது. எனக்குத் தந்த பகுதியில் தூக்கிய எஞ்சினுக்காம், ஒன்று.

எதற்கு என்று அம்மாவிடம் சொல்லவில்லை. காசு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. கை கூப்பினார்.

"ஆடி வெள்ளியும் அதுவுமாக் காசு வீடு தேடி வந்திருக்கு. இண்டைக்கு எடுத்துப்போடாதை பிள்ளை, கிடக்கட்டும்."

கிடக்கிறது.