திறக்க முடியாத மின்கசிவுப் பெட்டி

அனுப்புநர்:
ல. ஞானமணி (வயது 54),
க/பெ. லூர்துநாதன் (லேட்),
மாதா கோவில் தெரு, ஆவூர்,
விராலிமலை வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: மானியத்தில் வந்த மின்கசிவு எச்சரிக்கைப் பெட்டிகள் – என் மகன் போட்ட லைசென்ஸ் நிபந்தனைக்கு மாறாக மூடப்பட்டிருப்பது – திறந்து காட்ட உத்தரவிடக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் கணவர் மழை நாளில் வயல் மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொட்டு, கரண்ட் அடித்து இறந்தார். அதன் பிறகுதான் மகன் ஜெஸ்வின் இந்தப் பெட்டியைச் செய்தான். ஸ்டார்ட்டரில் கரண்ட் கசிந்தால், தொடும் முன்பே சத்தம் போடும். உள்ளே வயர் இணைக்கும் விதம் போட்ட படம், அதை ஓட்டும் புரோகிராம் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் பொதுவில் வைத்தான். யாரும் செய்யலாம், விற்கலாம், ஆனால் எதையாவது மாற்றினால் அதையும் இதேபோல் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று லைசென்ஸ் போட்டான். பக்கத்து வயல் இருளாயிக்குக் காது மந்தம். விராலிமலையில் மோட்டார் கடை வைத்திருக்கும் வெற்றிசெல்வன் அவருக்காகச் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்து, கூட்டிய விதத்தையும் பொதுவில் போட்டார்.

பிழைப்புக்குக் குவைத் போன மகன் சென்ற ஆண்டு அங்கே விபத்தில் இறந்தான். சீல் வைத்த சவப்பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். முகம் பார்க்காமலே அடக்கம் செய்தோம்.

இந்த ஆடியில் அரசு மானியத்தில் எங்கள் ஊருக்கு வந்தவை ஒரு தனியார் கம்பெனி செய்த பெட்டிகள். மகனுடைய வேலைதான் என்று, அது போடும் சத்தத்தைக் கேட்டதுமே வெற்றிசெல்வன் சொன்னார். விற்பதில் எனக்கு வருத்தமில்லை, அவனே அனுமதித்தது. ஆனால் 'மேம்படுத்தப்பட்டது' என்று அட்டையில் போட்டு, உள்ளே எதையோ மாற்றி, கறுப்புப் பசை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். பழைய பெட்டியை எடுத்துவிட்டு இதை மாட்டியிருந்த இருளாயியின் ஸ்டார்ட்டரில் போன வாரம் கரண்ட் கசிந்தும் பெட்டி சத்தம் போடவில்லை; பக்கத்து வயலில் நின்ற எனக்கும் எதுவும் கேட்கவில்லை. கரண்ட் தூக்கி எறிந்து அவருக்குக் கை முறிந்துவிட்டது. ஏன் சத்தம் போடவில்லை என்று பார்க்க யாருக்கும் வழியில்லை.

கம்பெனிக்காரரிடம் கேட்டேன். "ஓசியில கெடந்ததத்தானம்மா எடுத்தோம், ஒங்களுக்கு என்ன நட்டம்?" என்றார்.

பாலிடெக்னிக்கில் மகனுக்குப் பாடம் எடுத்த பிரகதீஸ்வரி டீச்சர் எனக்கு விளங்கும்படி சொன்னார். பொதுவில் வைப்பதிலேயே பல லைசென்ஸ் உண்டாம். சிலவற்றில், எடுத்தவர் தன் மாற்றத்தை மூடி வைத்துக்கொள்ளலாம். மகன் அதை வேண்டாமென்று விட்டு, காட்டியே ஆக வேண்டும் என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். ஆனால் அந்த லைசென்ஸ் படத்தையும் புரோகிராமையும்தான் கட்டுப்படுத்தும், அதை வைத்துச் செய்த பொருளையும் கட்டுப்படுத்துமா என்பது வழக்காடித்தான் தெரியுமாம். அதற்குள் மழைக்காலம் வந்துவிடும் ஐயா. ஊரில் எல்லோரும் அந்தப் பெட்டியை நம்பி ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொடுகிறார்கள்.

ஆகவே, மாற்றிய படத்தையும் புரோகிராமையும் கம்பெனி வெளியிட உத்தரவிட வேண்டும். இனி மானியத்தில் வாங்கும் பெட்டிகளுக்கு, திறந்து பழுது பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க வேண்டும். அதுவரை இந்தப் பெட்டிகளை நம்ப வேண்டாம் என்று ஊர்களில் அறிவிக்க வேண்டும். எனக்குப் பணம் எதுவும் வேண்டாம்.

மகன் வந்த பெட்டியைத்தான் திறக்க விடவில்லை. அவன் செய்த பெட்டியையாவது திறக்க விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆவூர்
நாள்: 08.09.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ல. ஞானமணி

இணைப்பு: மகன் போட்ட லைசென்ஸின் நகல், பசை ஊற்றிய பெட்டியின் போட்டோ.